ஏழாவது வீட்டுக்குப் போகும் முன்னால்

இந்த முறை மேஜையில் உட்கார்ந்து எழுதவில்லை, சகோதரிகளே. மேஜையின் கால்களைக் கழற்றிக் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. ட்ரங்குப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். கூடம் முழுக்கச் சாக்கு மூட்டைகள். கண்ணாடிச் சாமான்களைச் சுற்ற வாங்கிவந்த வைக்கோல் வீடெல்லாம் சிதறிக் கிடக்கிறது. இவருக்குத் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் இது எங்களுக்கு ஏழாவது வீடு.

போன மாதம் ஒரு வாசகச் சகோதரி எழுதியிருந்தார். கல்யாணமாகிக் கணவருடைய ஊருக்கு வந்து எட்டு மாதமாம். கையில் குழந்தை. "ஊர் ஒட்டவில்லை, அக்கா. ஜெபம் பண்ண உட்கார்ந்தால்கூடப் பிறந்த ஊர்க் கோயில்தான் கண்ணில் நிற்கிறது. கடவுளையே அங்கே விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தார். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏனென்றால் இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அந்தச் சகோதரிக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இந்துச் சகோதரிகளும் முஸ்லிம் சகோதரிகளும் படிக்கிற பத்திரிகை இது. நான் சொல்லப்போவது எங்கள் வேதத்தில் உள்ள கதை என்றாலும், வீடு மாறுகிற கஷ்டம் எல்லாப் பெண்களுக்கும் பொதுதானே!

நான் பிறந்தது பொறையாறு. தரங்கம்பாடிக்குப் பக்கம். கல்யாணம் முடிந்து மயிலாடுதுறைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அம்மா என்னைத் தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்துக்குக் கூட்டிப்போனார். 1718-ல் கட்டிய கோயில் அது. அதைக் கட்டிய சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலையில் கப்பலில் வந்து இறங்கிய ஜெர்மன்காரர். அப்போது அவருக்கு இருபத்து நாலு வயதுதான். ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினார் என்பதை எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைகூடச் சொல்லும். 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சுப்போட்டுவிட்டார்.

அம்மா அன்றைக்கு எனக்குச் சொன்னது இதுதான். "நீ போற ஊர்ல உனக்கு எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடக்காதே. பெரிய படிப்புப் படிச்ச அவரே தரையில உக்காந்துதான் கத்துக்கிட்டாரு."

தலையை ஆட்டிவிட்டுப் போனேன். புரிந்துகொண்டது பல வருஷம் கழித்துத்தான்.

மயிலாடுதுறைக்கும் பொறையாற்றுக்கும் ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். ஆனாலும் நான் அழுத அழுகையைப் பார்த்தால் சீமைக்குப் போகிறவள் என்று நினைத்திருப்பார்கள்! அங்கே என்னைத் தேற்றியவர் என் மாமியார். நாங்கள் 'அத்தை' என்றுதான் கூப்பிடுவோம். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர்கள். ஆனால் வேதாகமத்தை முதலிலிருந்து கடைசிவரை பலமுறை வாசித்தவர்கள். ஒரு நாள் சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே எனக்கு ஈசாக்கின் கதையைச் சொன்னார்கள். ஆதியாகமம் 26-ஆம் அதிகாரம்.

ஈசாக்கு பிழைக்கப்போன இடம் கேரார். அங்கே விதைத்தார். ஒன்றுக்கு நூறாக விளைந்தது. ஊர்க்காரர்களுக்குப் பொறாமை. அவருடைய அப்பா ஆபிரகாம் வெட்டிவைத்த கிணறுகளையெல்லாம் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். ராஜாவே கூப்பிட்டு, "எங்களை விட்டுப் போய்விடு" என்று சொல்லிவிட்டான். அவர் சண்டைக்கு நிற்கவில்லை. மூட்டையைக் கட்டினார். பள்ளத்தாக்கில் போய்க் கிணறு வெட்டினார். "தண்ணீர் எங்களுடையது" என்று வந்தார்கள். அதற்கு ஏசேக்கு என்று பேர் வைத்துவிட்டு வேறொன்று வெட்டினார். அதற்கும் வந்தார்கள். அதற்குச் சித்னா என்று பேர். வாக்குவாதம், பகை என்று அர்த்தமாம். மறுபடியும் நகர்ந்து மூன்றாவதாக ஒன்று வெட்டினார். அதற்கு யாரும் சண்டைக்கு வரவில்லை. ரெகொபோத் என்று பேர் வைத்தார். தாராளமான இடம் என்று அர்த்தம். அதற்கப்புறம் பெயெர்செபா என்ற ஊருக்கு வந்தார். அங்கே ராத்திரியில் கர்த்தர் அவருக்குத் தரிசனமாகி, பயப்படாதே, நான் உன்னோடு இருக்கிறேன் என்றார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அத்தை கேட்டார்கள். "அந்த ஊர்ல அவரு முதல்ல என்ன செஞ்சாரு, சொல்லு பார்ப்போம்?"

"கூடாரம் போட்டிருப்பாரு, அத்தை."

"அதுதான் இல்லே! முதல்ல பலிபீடம். அப்புறம்தான் கூடாரம். அப்புறம் கிணறு. இந்த வரிசையை மறந்துடாதே, தாயி. உனக்கு வாய்ச்ச புருஷன் ஊர் ஊரா மாத்துற உத்தியோகத்துல இருக்கான்."

பலிபீடம், கூடாரம், கிணறு. இந்த மூன்றையும் ஆறு வீடுகளில் நான் எப்படிச் செய்தேன், எதில் தவறினேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் பலிபீடம். எங்களுக்கு அது கல்லில் கட்டுவதல்ல. புது வீட்டில் ஒரு பாயை விரிக்கிற மூலைதான். பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்னால், பால் காய்ச்சுவதற்கும் முன்னால், அத்தை வெறுந்தரையில் பாயைப் போட்டு எல்லாரையும் உட்காரவைப்பார்கள். சாமான் இறக்க வந்த ஆட்கள் காத்திருந்தால் அவர்களுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணிவிட்டு, பால் காய்ந்ததும் முதல் டம்ளரை அவர்களுக்கே கொடுப்பார்கள். அன்று ராத்திரியும் அதே மூலை. மறுநாள் காலையும் அதே மூலை. குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்பதைப் பிறகுதான் கண்டேன். திருவாரூருக்குப் போனபோது என் மகளுக்கு இரண்டு வயது. புது வீட்டின் உத்தரத்தையும் பல்லியையும் பார்த்துப் பயந்து அலறிக்கொண்டிருந்தவள், பழைய பாயை விரித்ததும் அதில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டாள். இடம் புதிதானாலும் பாய் பழையதல்லவா? கடவுளை எந்த ஊரிலும் விட்டுவிட்டு வர முடியாது, கடிதம் எழுதிய சகோதரியே. உங்கள் வீட்டில் ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, தினமும் அதே நேரத்துக்குப் பத்து நிமிஷம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரு மாதத்தில் அந்த மூலை உங்கள் ஊராகிவிடும்.

இரண்டாவது கூடாரம். கூடாரம் என்றால் சீக்கிரம் பிரிக்கவும் கட்டவும் வேண்டும். சாமான் பெருகினால் அது கூடாரமல்ல, கிடங்கு! ஒவ்வொரு மாற்றலின்போதும் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். போன வீட்டில் கட்டிவந்து இந்த வீட்டில் பிரிக்காமலே இருந்த மூட்டை எதுவோ, அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். அம்மிக்கல்லை மட்டும் விடவில்லை. அது அத்தையுடையது.

இளம் தாய்மார்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். 'முதல் பெட்டி' என்று ஒன்று தனியாக வையுங்கள். அது குட்டியானையில் கடைசியாக ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டும். அதில் பாய், வேதாகமம், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, பால் காய்ச்சும் பாத்திரம், சர்க்கரை, டம்ளர்கள், ஒரு செட் மாற்றுத்துணி, குழந்தையின் தடுப்பூசி அட்டை, வழக்கமான மருந்துகள் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிட்டுத் தவிக்கிற தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். புது ஊரில் முதல் வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் காட்டி, அடுத்த ஊசி எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். "தண்ணி மாறிப்போச்சு, அதான் வயித்தால போவுது" என்று விட்டுவிடுகிறோம். குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, மூடிவைத்துக் கொடுங்கள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுக்கலாம். அது கைவசம் இல்லையென்றால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரையும் அரை ஸ்பூன் உப்பும் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். உப்பு கூடிவிடக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழந்தை சோர்ந்து துவண்டாலோ, கண் குழிவிழுந்தாலோ, சிறுநீர் போகாமலிருந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

பலிபீடமும் கூடாரமும் எனக்கு நன்றாகவே கைவந்துவிட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மூன்றாவதில்தான் தோற்றேன்.

2014-ல் மன்னார்குடிக்குப் போனோம். நாலாவது வீடு. அதற்கு முன் கும்பகோணத்தில் அருமையான அக்கம்பக்கம் கிடைத்து, அதைப் பிரிந்து வந்த வருத்தம் எனக்கு. "எப்படியும் மூணு வருஷத்துல கிளம்பப்போறோம். பழகிப் பழகிப் பிரியுறதுக்குப் பழகாமலே இருந்துடலாம்" என்று முடிவுகட்டிவிட்டேன். காலையில் ஜெபம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, சமையல், கதவைச் சாத்திக்கொள்வது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் ஆராதனை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவேன். அத்தைக்குத்தான் முட்டி வலி, முன்போல் தெருவில் இறங்கி நடக்க முடியாது. "கிணறு எங்கேம்மா?" என்று ஒரு தரம் கேட்டார்கள். "இந்த ஊரு வேணாம், அத்தை" என்றேன். அப்புறம் அவர்கள் கேட்கவில்லை.

2016-ல் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி. அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்கள். வேர்த்துக் கொட்டுகிறது. இவர் வேலையாகத் திருச்சிக்குப் போயிருந்தார். 108-க்குப் போன் செய்தேன். தெருப் பேர் கேட்டார்கள், சொன்னேன். "பக்கத்துல என்ன இருக்கு, அடையாளம் சொல்லுங்கம்மா" என்றார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷம் குடியிருந்த தெருவுக்கு ஓர் அடையாளம் சொல்லத் தெரியவில்லை! எந்தச் சந்து வழியாக வண்டி உள்ளே வரும் என்றும் தெரியாது. போனைக் கையில் பிடித்தபடியே ஓடி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டுக்காரர் பேர்கூட எனக்குத் தெரியாது. அவர் போனை வாங்கி வழி சொல்லிவிட்டு, மெயின் ரோட்டுக்கே ஓடிப்போய் நின்று வண்டியைக் கூட்டிவந்தார். அவர் மனைவி என் பிள்ளைகள் இரண்டு பேரையும் தூக்கத்தோடு தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

பத்து நிமிஷம் வீணாயிற்று. ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்து அத்தை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அந்தப் பத்து நிமிஷத்தால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் நான் மறக்கவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தெருவே வந்து நின்றது. யார் யாரோ காப்பி போட்டார்கள். யாரோ பெஞ்சு கொண்டுவந்து போட்டார்கள். எல்லாம் முடிந்தபிறகு எதிர்வீட்டு அக்காவிடம் அழுதுகொண்டே நன்றி சொன்னேன். அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "ரெண்டு வருஷமா உங்க வீட்டுக் கதவு சாத்தியே இருந்துச்சேம்மா. வந்தா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமோன்னு நாங்கதான் வரலை."

பீடம் கட்டியிருந்தேன், கூடாரமும் போட்டிருந்தேன். கிணறு மட்டும் வெட்டவில்லை. கிணறு இல்லாத இடத்தில் ஈசாக்கின் மாடுகூடப் பிழைத்திருக்காதே! அதைவிட வருத்தம், நான் என் ஜெபத்தைக் கதவுக்குள் பூட்டி வைத்திருந்ததுதான். கடவுளிடம் பேசத் தெரிந்த எனக்கு எதிர்வீட்டில் பேசத் தெரியவில்லை.

அடுத்தது பட்டுக்கோட்டை. அந்த வீட்டுக் கொல்லையில் பழைய அடிபம்பு ஒன்று இருந்தது. கிறீச் கிறீச்சென்று சத்தம். மோட்டார் இருக்கும்போது இது எதற்கு இடைஞ்சலாக என்று, வீட்டுக்காரரிடம் எடுத்துவிடச் சொல்லும்படி இவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்ததை நீங்களும் படங்களில் பார்த்திருப்பீர்கள். கரண்ட் கம்பங்கள் வரிசையாக விழுந்துவிட்டன. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. தெருவில் அடிபம்பு இருந்த ஒரே வீடு எங்களுடையது!

அதிலும் ஒரு சங்கடம். உள்ளே வாசர் தேய்ந்துபோனதால் சும்மா அடித்தால் வெறும் காற்றுதான் வரும். முதலில் மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு அடித்தால்தான் தண்ணீர் ஏறும். வீட்டில் குடிக்க வைத்திருந்தது இரண்டே குடம். அதில் ஒரு சொம்பை எடுத்து பம்பில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. என் மகன்தான் ஊற்றினான். அப்போது அவனுக்கு எட்டு வயது. ஊற்றிவிட்டு, "இப்ப அடிங்கம்மா" என்றான். பத்தாவது அடியில் தண்ணீர் கொட்டியது.

கொல்லைக் கதவைத் திறந்தே வைத்தோம். காலை ஐந்து மணிக்கு வரிசை ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் குடம், பித்தளைக் குடம், பெயிண்ட் வாளி என்று எல்லாம் வரும். குடத்தோடு கதையும் வரும். ஒருவர் வீட்டு ஓடு பறந்த கதை. ஒருவர் இருபது வருஷம் வளர்த்த தென்னை போன கதை. மாமரம் மாட்டுக்கொட்டகைமேல் விழுந்த கதை. அவர்கள் கதையெல்லாம் கேட்டபிறகு, அத்தை போன கதையை நானும் அந்தப் பம்படியில்தான் முதன்முதலாக மனம்விட்டுச் சொல்லி அழுதேன். தெருவில் ஒரு பாட்டியம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கரண்ட் வந்த பிறகும் அந்தக் கதவை நான் சாத்தவில்லை.

கிணறு என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. நம் வீட்டில் இருந்தும் ஊர் வந்து குடிக்கிற ஒன்று. அது பெரிய தர்மமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு சொம்பு முதலில் நாம் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் உறவில் ஒரு கல்யாணத்துக்காகப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தோம். அங்கே பார்த்ததையும் இங்கே சொல்ல வேண்டும். ஏனென்றால் அது நம் தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தியின் கதை. மராட்டிய ராஜாக்கள் காலத்தில் தஞ்சாவூரில் இருந்த ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண், இளம் வயதிலேயே விதவையானவர். உடன்கட்டை ஏற இருந்த அவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அவரோடு பாளையங்கோட்டைக்குப் போனார். அந்த அதிகாரியும் இறந்துபோனார். பிறந்த ஊரும் இல்லை, ஜாதி ஜனமும் இல்லை. 1778-ல் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று, குளோரிந்தா என்று பேர் வைத்துக்கொண்டார். 1780-ல் எழுதிய சபைப் பட்டியலில் நாற்பது பேர். முதல் பேர் இவருடையதுதான். அவர் கட்டிய ஆலயம் 1785-ல் பிரதிஷ்டையாயிற்று. பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கோயிலோடு ஒரு கிணறும் வெட்டினார். அதற்கும் பாப்பாத்தி அம்மாள் கிணறு என்றே பேர்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பீடமும் கிணறும்! எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த ஒரு பெண், தன்னைச் சேர்க்காத ஊர் ஜனத்துக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். நான் மூன்று வருஷ மாற்றலுக்கு மூக்கைச் சிந்தினேன்.

திரும்பி வந்ததும் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்காவில் இருக்கும் சுவார்ட்ஸ் ஆலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். 1779-ல் கட்டியது. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது. சுவார்ட்ஸ் ஐயர் மரணப் படுக்கையில் இருக்க, சரபோஜி ராஜா பக்கத்தில் நிற்கிறார். ராஜாவே ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு செய்வித்தது அது. சுவார்ட்ஸ் ஐயரும் ஊர் மாறி ஊர் மாறி வந்தவர்தான். 1750-ல் தரங்கம்பாடி, பிறகு திருச்சி, பிறகு தஞ்சாவூர். 1798-ல் இங்கேயே கண்ணை மூடினார். அவருக்கு மனைவி மக்கள் இல்லை. ஆனாலும் ஒரு ராஜா மகனைப் போல வந்து நின்றிருக்கிறார். அவர் திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதில் அழைத்துவந்த பையன்தான் பின்னாளில் வேதநாயகம் சாஸ்திரியார் ஆனார். இன்று நம் கோயில்களில் அவர் பாட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமை அபூர்வம். தஞ்சாவூர்ப் பெண் திருநெல்வேலிக்குப் போய்க் கிணறு வெட்டினார். திருநெல்வேலிப் பிள்ளை தஞ்சாவூருக்கு வந்து பாட்டு வெட்டினார். கடவுள் ஆட்களை இடம் மாற்றி நடுகிறார். நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்டால்தானே நெல் தூர் கட்டும்? இது தஞ்சாவூர்க்காரிக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்!

ஆனால் பிடுங்குகிறபோது வேருக்கு வலிக்கத்தான் செய்யும். என் மகனுக்கு இப்போது வலிக்கிறது. அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. "பத்தாவது முடியுற வரைக்கும் இங்கதான்னு சொன்னீங்களே" என்று கேட்டான். சொன்னது உண்மைதான். அதற்குள் மாற்றல் வந்தது எங்கள் கையில் இல்லை. மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அவனுக்கு ஈசாக்கின் கதையைச் சொல்லி வாயை அடைக்க நான் முயலவில்லை. வலிக்கிறவனுக்கு உபதேசம் மருந்தாகாது. "உனக்குக் கொடுத்த வாக்கை எங்களால காப்பாத்த முடியலே. மன்னிச்சுக்கோடா" என்று மட்டும் சொன்னேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் நம் கௌரவம் குறைந்துவிடாது. ஒரு சிநேகிதனை மாதம் ஒரு தரம் வந்து பார்க்க இவர் சம்மதித்திருக்கிறார்.

எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. நாகப்பட்டினம் என்றாலே 2004 டிசம்பர் 26 நினைவுக்கு வந்துவிடுகிறது. அன்று பண்டிகைக்காகப் பொறையாற்றில் அம்மா வீட்டில் இருந்தேன். கடலோரத்திலிருந்து ஓடிவந்த சனங்களின் முகத்தை என்னால் மறக்க முடியாது. ஆனால் அந்த ஊரில் இவ்வளவு துக்கத்துக்குப் பிறகும் மறுபடி வலை பின்னி, கடலுக்குப் போய்க் குடும்பம் நடத்துகிற பெண்களும் இருக்கிறார்கள். நான் போய் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? அம்மா சொன்னதுபோல் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளத்தான் போகிறேன்.

நேற்று ராத்திரி அம்மிக்கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தேன். மகன் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"அந்த வீட்டுல அடிபம்பு இருக்காம்மா?"

"இல்லேடா. குழாய்தான்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

யோசித்தேன். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடி ஏறும். செப்டம்பர் 8-ல் திருவிழா. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ ஊர்களிலிருந்து காவி உடுத்திக்கொண்டு கால்நடையாக வருகிறவர்கள் நாகப்பட்டினம் வழியாகத்தான் போவார்கள். கால் கொப்புளித்துப் போயிருக்கும். அவர்கள் வேறு சபை, நாங்கள் வேறு சபை. தாகத்துக்குச் சபை உண்டா?

"வாசல்ல ஒரு மண்பானை வைப்போம். கொதிக்க வச்சு ஆறுன தண்ணி. ரெண்டு டம்ளர்" என்றேன்.

"ரெண்டு பத்தாதும்மா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. நாகப்பட்டினத்துக்கு வரச் சம்மதம் என்று இன்னும் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்கள். கல்லணைக்கு வந்து, காவிரியும் வெண்ணாறுமாகப் பிரிந்து, ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னியாகி, நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடைக்குப் போய்ச் சேர நாளாகும். கடைமடைக்காரர்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நாங்களும் இனி கடைமடைக்காரர்கள்தான். மனசு ஒட்டுவதற்கும் அப்படி நாளாகும், கடிதம் எழுதிய சகோதரியே. எட்டு மாதத்தில் வரவில்லையே என்று கலங்காதீர்கள். மூலையில் பாயை விரித்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு, இன்றைக்கு உங்கள் வீட்டில் எது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதோ, ஒரு கிண்ணம் குழம்போ, இரண்டு முருங்கைக்காயோ, அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவர்கள் பேரைக் கேளுங்கள். உங்கள் தெருவுக்கு அடையாளம் என்ன என்றும் மறக்காமல் கேட்டுவையுங்கள்.

அடுத்த இதழுக்கு நாகப்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். மேஜைக்குக் கால் மாட்டியிருப்பேனோ என்னவோ, பானை வாசலுக்கு வந்திருக்கும்.